வரிசையின் கடைசியில் நின்ற ஆர்டர்: டிரேடிங் கோடிங் போட்டியில் எங்கள் சிமுலேட்டரைச் சரிசெய்த அனுபவம்

மூன்றாம் சுற்று முடிந்த இரவு எங்கள் திரையில் இருந்த எண் −13,450. அதே பைதான் கோப்பை, அதே பொருளுக்கு, சமர்ப்பிப்பதற்கு முன் எங்கள் சிமுலேட்டரில் (போட்டியின் சந்தையைப் போலவே நடந்துகாட்ட நாங்களே எழுதிய நிரல்) ஓட்டியபோது 58,200 புள்ளி லாபம் காட்டியிருந்தது. கொஞ்சம் கூடக்குறைய இருந்தால் அதிர்ஷ்டம் என்று விட்டுவிடலாம். லாபம் நஷ்டமாகவே மாறினால் எங்கோ அடிப்படையில் தப்பு இருக்கிறது. அந்தத் தப்பைத் தேடிப் பிடித்து, நான்காம் சுற்றுக்குள் சரிசெய்தோம். அதைத்தான் வரிசையாக எழுதுகிறேன், வழி தவறிப் போன இடங்களையும் சேர்த்து.

முதலில் போட்டியின் அமைப்பு. பல்கலைக்கழக அணிகளுக்கானது. அணிக்கு நான்கு பேர், மூன்று வாரம், நான்கு சுற்று. ஒரு சுற்று என்பது ஒரு செயற்கைச் சந்தையின் ஒரு நாள், அதில் 10,000 படிகள். ஒவ்வொரு படியிலும் ஆர்டர் புக்கின் (வாங்கவும் விற்கவும் காத்திருக்கும் ஆர்டர்களின் பட்டியல்) மேல் ஐந்து விலை நிலைகள், கடைசியாக நடந்த வியாபாரங்கள், நம் கையிருப்பு மூன்றும் நம் நிரலுக்கு வரும். 100 மில்லி விநாடிக்குள் பதில் சொல்ல வேண்டும். எந்தப் பொருளிலும் கையிருப்பு +100-க்கு மேலோ −100-க்குக் கீழோ போகக் கூடாது (கழித்தல் என்றால் கையில் இல்லாததை விற்றிருக்கிறோம்). புக்கில் ஏற்கெனவே இருக்கும் ஆர்டரை நாம் போய் எடுத்தால் யூனிட்டுக்கு 0.2 புள்ளி கட்டணம். நம் ஆர்டரை வைத்துவிட்டுக் காத்திருந்தால் கட்டணம் இல்லை. முதல் இரண்டு சுற்றில் எதிரே இருப்பவை போட்டி நடத்துபவர்களின் நிரல்கள் மட்டும். மூன்றாம் சுற்றிலிருந்து எல்லா அணிகளும் ஒரே சந்தையில் இறங்கும். இந்தக் கடைசி விதியை நான்கு பேருமே படித்திருந்தோம். அது எதை எல்லாம் மாற்றும் என்று ஒருவரும் உட்கார்ந்து யோசிக்கவில்லை.

கருவிகள் எளிமையானவைதான். பைதான் 3.11, தரவைப் பார்க்க பாண்டாஸ், வரைபடத்துக்கு மேட்பிளாட்லிப், கோப்புகளுக்கு கிட். சிமுலேட்டர் எழுதுவது என் பொறுப்பு. முதல் வடிவத்தை ஒன்றரை நாளில், சுமார் 240 வரியில் முடித்தேன். சீக்கிரம் முடிந்ததில் சந்தோஷமாக இருந்தது.

முதல் பொருள் 5,000-ஐ விட்டு அதிகம் நகராது. புக்கில் சிறந்த வாங்கும் விலை பெரும்பாலும் 4,996, விற்கும் விலை 5,004. நாங்கள் உள்ளே புகுந்து 4,997-க்கு வாங்கவும் 5,003-க்கு விற்கவும் ஆர்டர் வைத்தோம். இரண்டும் நிறைவேறினால் யூனிட்டுக்கு 6 புள்ளி. இதைத்தான் மார்க்கெட் மேக்கிங் என்பார்கள். முதல் ஓட்டத்திலேயே லாபம் வந்தது. ஆனால் வரைபடத்தைப் பார்த்தால் கையிருப்பு +100-இல் போய் ஒட்டிக்கொண்டு ஆயிரக்கணக்கான படிகள் அப்படியே நின்றது. விற்பவர்கள் தொடர்ந்து வந்தால் வாங்கி வாங்கி எல்லையைத் தொட்டுவிடுகிறோம். அப்புறம் வாங்கவே முடியாது, பாதி வியாபாரம் போச்சு.

இதற்கு மருந்து எல்லோருக்கும் தெரிந்ததுதான். கையில் சரக்கு சேரச் சேர இரண்டு விலையையும் கீழே இறக்க வேண்டும். மார்கோ அவெல்லனேடா, சாஷா ஸ்டாய்கோவ் என்ற ஆய்வாளர்கள் 2008-இல் இதற்கு முறையான சூத்திரமே கொடுத்திருக்கிறார்கள். நாங்கள் அதன் எளிய நிழலை மட்டும் எடுத்துக்கொண்டோம்: கையிருப்பு ஒன்றுக்கு 0.03 புள்ளி. கையில் 100 இருந்தால் விலைகள் மூன்று புள்ளி இறங்கி 4,994, 5,000 ஆகும். அதாவது லாபமே இல்லாத விலைக்கு விற்கத் தயார், சரக்கு குறைந்தால் போதும். எல்லையில் ஒட்டியிருந்த படிகள் 3,800-இலிருந்து 260-க்கு இறங்கின. முதல் சுற்றில் 23,400 புள்ளி. சிமுலேட்டர் சொன்னது 24,100. அந்த நெருக்கத்தைப் பார்த்ததும் சிமுலேட்டர் சரியாக இருக்கிறது என்று முடிவு கட்டினேன். பின்னால் வந்த தொல்லைக்கெல்லாம் வேர் இந்த முடிவுதான்.

இரண்டாம் சுற்றுக்கு வேகம் ஒரு பிரச்சினையாக வந்தது. அணியில் ஒருவர் ஒவ்வொரு படியிலும் பாண்டாஸ் டேட்டாஃபிரேம் (ஒரு தரவு அட்டவணை) கட்டி, அதில் சராசரி எடுத்துக்கொண்டிருந்தார். சாதாரணமாக 38 மில்லி விநாடி, சில படிகளில் 140. எல்லை 100. டேட்டாஃபிரேமைத் தூக்கிவிட்டு, கடைசி 50 எண்களை வைத்திருக்கும் ஒரு டெக் வரிசையும் ஓடும் கூட்டுத்தொகையும் வைத்தோம். 0.6 மில்லி விநாடியில் முடிந்தது. தரவைப் பார்ப்பதற்கு பாண்டாஸ் அருமையான கருவி. படிக்குப் படி ஓடும் நிரலுக்குள் அதற்கு இடமில்லை.

அதே சுற்றில் இன்னொரு அடி வாங்கினோம். கையிருப்பு 70 இருக்கும்போது எங்கள் நிரல் இரண்டு வாங்கும் ஆர்டர்களை அனுப்பியது, ஒன்று 20, இன்னொன்று 15. 70-உடன் 35 சேர்ந்தால் 105. மிஞ்சுகிற ஆர்டரை மட்டும் சந்தை நிராகரிக்கும் என்று நினைத்திருந்தோம். விதிப்படி அந்தப் படியில் அனுப்பிய எல்லா ஆர்டர்களும் நிராகரிக்கப்படும், விற்கும் ஆர்டர்கள் உட்பட. பழைய ஆர்டர்களை ரத்து செய்யும் கட்டளை மட்டும் போய்ச் சேர்ந்தது. விற்காததால் கையிருப்பு 70-லேயே நின்றது. அடுத்த படியிலும் அதே 20, அதே 15, அதே நிராகரிப்பு. 3,100 படிகள் இப்படியே போயின. எங்கள் சிமுலேட்டர் மிஞ்சியதை மட்டும் வெட்டிவிட்டு மற்றதை ஏற்றுக்கொண்டதால் முன்கூட்டியே தெரியவில்லை.

அன்று ஒரு காவல் சேர்த்தோம். தொடர்ந்து 50 படிகள் எந்த ஆர்டரும் ஏற்கப்படாவிட்டாலோ, ஒரு பொருளில் இழப்பு 8,000-ஐத் தாண்டினாலோ, எல்லா ஆர்டர்களையும் ரத்து செய்து கையிருப்பைச் சுழியத்துக்குக் கொண்டுவர வேண்டும். கோப்பின் முதல் வரியில் பதிப்பு எண்ணையும் எழுதி, ஓட ஆரம்பித்ததும் அதை லாகில் (நடந்ததை வரிசையாகப் பதியும் கோப்பு) பதியச் செய்தோம். 2012 ஆகஸ்ட் 1 அன்று நைட் கேபிடல் என்ற அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனத்துக்கு நடந்தது இந்த வகைக் கோளாறுதான். எட்டு சர்வர்களில் ஒன்றில் மட்டும் புதிய நிரல் ஏறவில்லை. அதில் பழைய பகுதி உயிர்பெற்று ஆர்டர்களை அனுப்பிக்கொண்டே இருந்தது. சுமார் 45 நிமிடத்தில் 44 கோடி டாலருக்கு மேல் போனது. இழந்த பணத்தை விட அந்த 45 நிமிடம்தான் என்னைக் கலக்கியது. நிறுத்தும் பொத்தான் எங்கே என்பது முன்பே முடிவாகியிருக்க வேண்டிய விஷயம்.

இப்போது இரண்டாவது பொருளுக்கு வருகிறேன். இதன் விலை ஒரு இடத்தில் நிற்காது, நாள் முழுக்க அலையும். சரியான விலை இந்தக் கணத்தில் எது என்று தெரிந்தால்தான் அதைச் சுற்றி ஆர்டர் வைக்க முடியும். சிறந்த வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுப்புள்ளியை எடுத்தோம். இரண்டு மூன்று யூனிட் ஆர்டர் ஒன்று உள்ளே வந்தாலே அது குதித்தது. கடைசி 20 படிகளின் சராசரி எடுத்தால் விலை போன பிறகுதான் அது வந்து சேர்ந்தது. நேர்கோட்டுப் பொருத்தமும் முயன்றோம், தேறவில்லை. ஐந்து நிலைகளையும் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒன்று கண்ணில் பட்டது. ஏறக்குறைய எல்லாப் படிகளிலும் இரண்டு பக்கமும் எங்கோ ஒரு பெரிய அளவு, 50-க்கு மேல், நிற்கிறது. அது சின்ன ஆர்டர்களுக்கு அசைவதில்லை. அந்த இரண்டு தடித்த நிலைகளின் நடுப்புள்ளியை எடுத்தோம். படிக்குப் படி ஆகும் தாவலின் திட்டவிலக்கம் 1.9-இலிருந்து 0.8 ஆனது. மூன்று நாள் முயற்சிகளை விட இந்த இரண்டு வரி நன்றாக வேலை செய்தது.

இந்த விலையை வைத்து மூன்றாம் சுற்றுக்குத் தயாரானோம். சிமுலேட்டர் 58,200 என்றது. வந்தது −13,450.

அன்று இரவு முதலில் விலைக் கணிப்பைத்தான் சந்தேகப்பட்டோம். 0.03-ஐ 0.05 ஆக்கினோம், ஆர்டர் அளவைக் குறைத்தோம், தடித்த நிலையின் எல்லையை 50-இலிருந்து 40 ஆக்கினோம். எதை மாற்றினாலும் சிமுலேட்டர் 50,000-க்கு மேலேயே காட்டியது. நான்கு மணி நேரம் இதில் போனது. ஒரு தராசு எந்தப் பொருளை வைத்தாலும் ஒரே எடையைக் காட்டினால் தராசைத்தான் பார்க்க வேண்டும். அதை ஒத்துக்கொள்ள எனக்கு நேரம் பிடித்தது, எழுதியது நான் என்பதால்.

மறுநாள் லாபநஷ்டத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, நிறைவேறிய ஒவ்வொரு ஆர்டரையும் தனியாக எடுத்தோம். வாங்கிய பிறகு பத்துப் படி கழித்து விலை எங்கே இருந்தது? ஏறியிருந்தால் கூட்டல், இறங்கியிருந்தால் கழித்தல். விற்றதற்கு நேர்மாறு. இதற்கு இந்தத் துறையில் மார்க்அவுட் என்று பேர். சிமுலேட்டரில் சராசரி யூனிட்டுக்கு +1.4. உண்மைச் சந்தையில் −0.9. எண்ணிக்கையும் வேறு: சிமுலேட்டரில் 5,340 நிறைவேற்றங்கள், உண்மையில் 1,912. ஆக, எங்களுக்கு வியாபாரம் குறைவாகக் கிடைத்திருக்கிறது, கிடைத்ததும் மோசமானதாகவே இருந்திருக்கிறது.

அணியில் இளையவன் இரண்டாம் ஆண்டு மாணவன். அவன்தான் சந்தை திருப்பி அனுப்பிய லாகை வரி வரியாகப் படித்துக்கொண்டிருந்தான். திடீரென்று கேட்டான்: "அக்கா, விலை மாறவே இல்ல. ஆர்டர் நம்பர் மட்டும் ஏன் ஒவ்வொரு படிக்கும் மாறுது?"

நான் போய்ப் பார்த்தேன். படி 4,217: வாங்க 15, விலை 2,041, ஆர்டர் எண் 88,310. படி 4,218: ரத்து 88,310. வாங்க 15, விலை 2,041, ஆர்டர் எண் 88,344. படி 4,219: ரத்து 88,344. மறுபடி 15, மறுபடி 2,041, புது எண். அப்படியே கீழே கீழே போய்க்கொண்டிருந்தது. எங்கள் நிரல் ஒவ்வொரு படியின் தொடக்கத்திலும் பழையதை எல்லாம் ரத்து செய்துவிட்டு, புதிதாகக் கணக்குப் போட்டு, பெரும்பாலும் அதே விலையில் திரும்ப வைத்தது. எழுதுவதற்குச் சுலபம் என்பதால் முதல் நாளே அப்படி எழுதியிருந்தோம்.

சந்தையில் ஒரே விலையில் பல ஆர்டர்கள் இருந்தால் முதலில் வந்தவருக்கே முதலில் நிறைவேறும். ரத்து செய்து திரும்ப வைத்தால் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். நாங்கள் 10,000 படிகளும் ஒவ்வொரு முறை முன்னேறிய உடனே நாங்களாகவே கடைசிக்குப் போய் நின்றிருக்கிறோம். முதல் இரண்டு சுற்றில் அந்த விலையில் வேறு யாரும் இல்லை, கடைசியும் முதலும் ஒன்றுதான். மூன்றாம் சுற்றில் மற்ற அணிகளும் உள்ளே புகுந்து அதே 2,041-இல் நின்றன.

ஆனால் தாமதம் மட்டும் என்றால் லாபம் குறையும், நஷ்டம் ஏன் வரும்? இதைப் புரிந்துகொண்ட இடம்தான் எனக்கு இந்தப் போட்டியிலேயே பிடித்த இடம். படி 4,217-ஐயே எடுத்துக்கொள்வோம். 2,041-இல் எங்களுக்கு முன்னால் 60 யூனிட் நிற்கிறது, பின்னால் நாங்கள் 15. சின்னச் சின்ன விற்பனைகள் வருகின்றன, 5, 8, 6 என்று. அவை எல்லாம் முன்னால் நிற்பவர்களுக்குப் போகின்றன. இந்த விற்பனைகளுக்குப் பின் விலை அசைவதில்லை, அதனால் வாங்கியவர்களுக்கு நல்ல லாபம். முன்னால் காலியாகும் இடத்தை மற்றவர்கள் நிரப்ப, நாங்களும் மறுபடி கடைசிக்குப் போகிறோம். அப்புறம் ஒருவர் 90 யூனிட்டை ஒரே அடியாக விற்கிறார். முன்னால் இருந்த 60 தீர்ந்து, எங்கள் 15-உம் தீர்ந்து, மிச்சம் 15 அடுத்த விலைக்குப் போகிறது. விலை 2,038-க்கு இறங்குகிறது. 2,041-க்கு வாங்கிய சரக்கு எங்கள் கையில். கடைசியில் நிற்பவருக்கு வரிசை முழுக்கத் தீரும்போதுதான் சரக்கு கிடைக்கும், வரிசை முழுக்கத் தீர்வது விலை இறங்கும் நேரத்தில்தான். நல்ல வியாபாரம் எல்லாம் வடிகட்டப்பட்டு மோசமானது மட்டும் எங்களிடம் வந்திருக்கிறது. −0.9-க்குக் காரணம் அதுதான்.

என் சிமுலேட்டரில் வரிசை என்ற ஒன்றே இல்லை. ஒரு விலையில் வியாபாரம் நடந்தால் முதல் பங்கு எங்களுக்கு என்று எழுதியிருந்தேன், ஒரே ஒரு இஃப் வரி.

அதைப் பிரித்துத் திரும்பக் கட்டினேன். ஆர்டர் வைக்கும் படியில் அந்த விலையில் எவ்வளவு அளவு தெரிகிறதோ அதை "முன்னால் இருப்பது" என்று குறித்துக்கொள்ள வேண்டும். அந்த விலையில் நடக்கும் ஒவ்வொரு வியாபாரமும் அதைக் குறைக்கும். அது சுழியம் ஆன பிறகு வருவது மட்டும் எங்களுக்கு. விலை எங்கள் நிலையைத் தாண்டிப் போனால் முழுதும் நிறைவேறியதாகக் கணக்கு. வியாபாரமே நடக்காமல் புக்கில் அளவு குறைந்தால் யாரோ ரத்து செய்திருக்கிறார்கள். அவர் எங்களுக்கு முன்னால் நின்றவரா பின்னால் நின்றவரா என்று தெரியாது. பாதிக்குப் பாதி என்று வைத்தேன்.

சோதிக்க, மூன்றாம் சுற்றில் உண்மையில் அனுப்பிய ஆர்டர்களையே அந்த நாளின் தரவில் திரும்ப ஓட்டினேன். 1,912-க்கு அருகே வர வேண்டும். வந்தது 1,103. அரை நாள் குழம்பிவிட்டு, காரணத்தைப் பிடித்தேன்: பதிவான புக்கில் எங்கள் சொந்த ஆர்டர்களும் இருக்கின்றன. எங்கள் 15-க்கு முன்னால் எங்கள் 15-ஐயே நிறுத்தி வைத்திருந்தேன். அதைக் கழித்ததும் 2,074 வந்தது. எட்டு சதவீதம் அதிகம், பரவாயில்லை. மார்க்அவுட் −0.7. முதல் முறையாக சிமுலேட்டரே நஷ்டம் காட்டியது. அன்று எங்களுக்கு அது நல்ல செய்தி. நோயைக் காட்டும் கருவி கையில் வந்துவிட்டதே.

நான்காம் சுற்றுக்கு மூன்று மாற்றங்கள் செய்தோம். விலை மாறாவிட்டால் ஆர்டரைத் தொடக் கூடாது. அளவைக் குறைக்க வேண்டியிருந்தால், இடம் போகாமல் குறைக்கும் கட்டளை இருந்தது, அதைப் பயன்படுத்தினோம். முன்னால் 40-க்கு மேல் நின்றால் அந்த விலையில் சேரக் கூடாது. எங்கள் நிலையில் மொத்த அளவு 15-க்குக் கீழே கரைந்தால் உடனே விலக வேண்டும், அடுத்து விலை இறங்கப்போகிறது என்பதற்கு அது அடையாளம். புதிய சிமுலேட்டர் சொன்னது 21,800. வந்தது 19,600. நிறைவேற்றங்கள் 3,740, மார்க்அவுட் +0.65. 58,200 என்ற பழைய எண்ணைப் பார்த்தபோது வராத மகிழ்ச்சி இந்தச் சின்ன எண்ணில் வந்தது.

கூடைப் பொருளைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு பொருளின் மூன்று யூனிட்டும் இன்னொன்றின் இரண்டு யூனிட்டும் சேர்ந்தது ஒரு கூடை. கூடையின் விலைக்கும் உள்ளடக்கத்தின் கூட்டு விலைக்கும் உள்ள வித்தியாசம் விலகினால் திரும்பி வரும் என்று பந்தயம். எவ்வளவு விலகினால் இறங்குவது, எப்போது வெளியேறுவது, எத்தனை படிகளின் சராசரி என்று மூன்று அளவுகள், மொத்தம் 1,800 சேர்க்கைகள். ஒரு ஓட்டம் 11 விநாடி என்பதால் ஒரே கோரில் (கணினிச் செயலியின் ஒரு பகுதி) ஐந்தரை மணி நேரம். எட்டு கோரில் பிரித்ததும் முக்கால் மணிக்குள் முடிந்தது. முதலிடம் வந்த சேர்க்கை 31,000 காட்டியது, ஆனால் அதன் பக்கத்துச் சேர்க்கைகள் 4,000 கூடத் தொடவில்லை. அந்தத் தனி உச்சியை விட்டுவிட்டு, சுற்றிலும் எல்லாமே 13,000, 14,000 என்று சமமாக இருந்த பகுதியின் நடுவிலிருந்து எடுத்தோம். 11,900 வந்தது. ஆசையாக இருந்தாலும் தனி உச்சியைத் தொடாதது நாங்கள் செய்த நல்ல முடிவு.

மொத்தம் ஒன்பதாவது இடம். நேரக் கணக்கைப் பின்னால் கூட்டிப் பார்த்தோம்: நான்கு பேரும் சேர்ந்து ஏறக்குறைய 190 மணி நேரம். அதில் 120 விலைக் கணிப்புக்கு. மூன்றாம் சுற்றுக்கு முன் சிமுலேட்டருக்குப் போனது 15 மணி நேரம் மட்டும். அடுத்த முறை இதைத் திருப்பிப் போடுவேன். எந்த உத்தியும் எழுதும் முன்பே, சந்தையின் லாகையும் சிமுலேட்டரின் லாகையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நிறைவேற்றங்களை ஒப்பிடும் சின்ன நிரலை எழுதிவிடுவேன். முதல் சுற்று முடிந்த அன்றே மொத்த லாபத்தை ஒப்பிடாமல் மார்க்அவுட்டை ஒப்பிடுவேன். விதிகளில் இருக்கும் ஒவ்வொரு நிராகரிப்புக்கும் ஒரு சோதனை எழுதி, சிமுலேட்டரும் அப்படியே நிராகரிக்கிறதா என்று பார்ப்பேன்.

ஒன்று மட்டும் இன்னும் முடியவில்லை. ரத்துகளைப் பாதிக்குப் பாதி என்று நான் வைத்த அனுமானம். போட்டி முடிந்ததும் அணிகளின் பெயரை நீக்கிவிட்டு எல்லா ஆர்டர்களின் முழு லாகையும் கொடுத்தார்கள். ரத்தானவர் எந்த இடத்தில் நின்றார் என்று அதில் நேரடியாகவே எண்ணலாம். இளையவன் எண்ண ஆரம்பித்திருக்கிறான். இதுவரை பார்த்த 412 ரத்துகளில் 271 எங்களுக்குப் பின்னால் நின்றவை. அப்படியானால் வரிசை நான் நினைத்ததை விட மெதுவாகத்தான் நகர்ந்திருக்கிறது, அந்த எட்டு சதவீத மிகையில் ஒரு பங்கு இங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும். முழு நாளையும் எண்ணி முடித்ததும் பாதி என்ற எண்ணை மாற்றி, மூன்றாம் சுற்றை இன்னொரு முறை ஓட்டப்போகிறோம்.